கட்டுநாயக்காவில் இறங்கினால் வன்னி வந்துவிடாது

ரொறன்ரோவிலிருந்து கொழும்பு ஏறக்குறைய 14,000 கிலோமீற்றர். நேரடி விமானம் இல்லை. நாங்கள் டுபாய் வழியாக வந்தோம், முதல் பறப்பு 13 மணித்தியாலம் மட்டில், பிறகு கொழும்புக்கு நாலரை. டுபாய் போய் வருவதால் தூரம் அவ்வளவாகக் கூடுவதில்லை, சில நூறு கிலோமீற்றர்தான், நேரம் போவதெல்லாம் இடையில் காத்திருப்பதில். திரும்பும்போது எதிர்க்காற்று, டுபாயிலிருந்து ரொறன்ரோவுக்கு இன்னும் ஒரு மணித்தியாலம் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

ரிக்கெட் போடும்போது எல்லோரும் இதோடு கணக்கை முடித்துவிடுகிறார்கள். கோடையில் வெள்ளி இரவு பத்து மணிக்கு ஏறினால், ஒன்பதரை மணித்தியால வித்தியாசமும் சேர்ந்து, கட்டுநாயக்கா விமானநிலையத்துக்கு வர ஞாயிறு காலை. அங்கிருந்து வன்னியிலுள்ள கிளிநொச்சிக்கு இன்னும் 300 கிலோமீற்றர் மட்டில். வாடகை வான் வண்டியில் ஆறேழு மணித்தியாலம். ரெயின் நல்லதுதான், ஆனால் அதற்கு முதலில் ரெயின் நிற்கும் நிலையம் வரை போக வேண்டும், ஆளுக்கு இரண்டு பெட்டியும் பிள்ளைகளுமாக அது சரிவராது. சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலி விமானநிலையத்துக்கு வரலாம், அங்கிருந்து கிளிநொச்சி கிட்டத்தான், ஆனால் சின்ன விமானம், தனி ரிக்கெட் என்றால் சென்னையில் பொதியை வெளியே எடுத்து மறுபடி போட வேண்டும், அதற்கு இந்திய விசாவும் வேண்டும்.

ஆகவே வான்தான். தொலைபேசியில் பேசி முற்பணமும் அனுப்பியிருந்தோம். வந்த சாரதித் தம்பி நல்ல பிள்ளை. ஆனால் தம்புள்ளை தாண்டியதும் ஒரு கையால் கண்ணைக் கசக்குகிறார், கண்ணாடியை இறக்குகிறார், பாட்டைக் கூட்டி வைக்கிறார். கேட்டால், முதல்நாள் இரவு முழுக்க கிளிநொச்சியிலிருந்து ஓடிவந்து விமானநிலைய வாசலில் நின்றாராம், நித்திரையே இல்லை. “பரவாயில்லை அண்ணை, பழகிட்டுது” என்றார். எனக்கு நெஞ்சு பகீரென்றது. மதவாச்சியில் மரநிழலில் நிறுத்தச் சொல்லி ஒரு மணித்தியாலம் படுக்க வைத்தோம். முறிகண்டிப் பிள்ளையார் கோயிலில் எப்படியும் எல்லா வாகனமும் நிற்கும், தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு போனோம். வீட்டுக்குப் போக மம்மல் பொழுதாகிவிட்டது, அம்மா படலையில் நின்றா, அது ஒன்றும் பெரிய பிந்தல் இல்லை.

பதின்மூன்று மணித்தியாலம் பறக்கும் விமானத்தில் ஓட்டிகள் மாறி மாறி ஓய்வெடுப்பார்கள், அது விதி. ஏ9 வீதியில் அந்தத் தம்பிக்கு மாற்று ஆள் இல்லை, அவருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கும். வான் பேசும்போது விலையை மட்டும் கேட்காதீர்கள். சாரதி எப்போது வெளிக்கிடுகிறார், எங்கே படுக்கிறார் என்று கேளுங்கள். முதல்நாள் பின்னேரமே வரச் சொல்லி, விமானநிலையத்துக்குக் கிட்ட நீர்கொழும்பில் ஒரு அறைக்காசை நாங்களே கொடுக்கலாம். இரவில் இறங்குகிறவர்கள் தாங்களும் அங்கேயே படுத்து விடிய வெளிக்கிடுங்கள். அடுத்த முறை நாங்கள் அப்படித்தான் செய்யப்போகிறோம், அதே தம்பியிடம் இப்போதே சொல்லி வைத்தாயிற்று.