பற்றுச்சீட்டில் புதுச் செயின், சைக்கிளில் பழைய செயின்: திருகோணமலையில் சைக்கிள் திருத்தக் கொடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

திருகோணமலை நகரில் சைக்கிளை முழுச் சேர்விசுக்குக் கொடுத்திருப்பவர்களும் கொடுக்க நினைத்திருப்பவர்களும், பணத்தைக் கட்டிச் சைக்கிளை வெளியே எடுப்பதற்கு முன் இதை வாசித்துவிடுங்கள். நகரிலுள்ள ஒரு திருத்தும் கடையில், மாற்றாத பாகங்களை மாற்றியதாகப் பற்றுச்சீட்டில் எழுதி என்னிடம் பணம் வாங்கிவிட்டார்கள். முறைப்பாடு கொடுத்திருக்கும் நிலையில் கடையின் பெயரை இங்கே எழுதுவது முறையல்ல என்பதால் அதைத் தவிர்க்கிறேன். அவர்கள் கையாண்ட வழியை மட்டும் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதே வழியை எந்தக் கடைக்காரரும் எவரிடமும் கையாள முடியும்.

சைக்கிள் என் மகளுடையது. சாம்பல்தீவிலிருந்து நகரிலுள்ள பாடசாலைக்கும், பின்னேரம் ரியூசனுக்கும் அவள் அதில்தான் போய்வருகிறாள். 2022 இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்று களைத்துப்போன காலத்தில், அப்போதைய விலையேற்றத்தையும் பொருட்படுத்தாமல் வாங்கிய கியர் சைக்கிள் அது. கடலோர வீதியில் ஓடும் சைக்கிளை உப்புக்காற்றும் மணலும் என்ன பாடு படுத்தும் என்பது இங்குள்ளவர்களுக்குத் தெரியும். செயின் தேய்ந்து, பின்சில்லு சுற்றும்போது கரகரவென்று சத்தமும் வரத் தொடங்கியதால் திருத்தக் கொடுத்தோம். செயின், பின் ஹப்பின் (பின்சில்லின் நடுப்பகுதியின்) பேரிங், பிரேக் கட்டைகள், சேர்விஸ் கூலி என்று நான்கு வரிகள் எழுதி 9,500 ரூபாய்க்குப் பற்றுச்சீட்டுத் தந்தார்கள். சைக்கிள் துடைத்துப் பளபளவென்று இருந்தது. செயின் முழுவதும் தடிப்பாகக் கறுப்புக் கிறீஸ் பூசியிருந்தார்கள்.

அடுத்த நாளே, நிலாவெளி வீதியில் மகள் வேகமெடுப்பதற்காக எழுந்து நின்று மிதித்தபோது செயின் வழுக்கிப் பெடல் வெறுமனே சுற்றியிருக்கிறது. அவள் நிலைதடுமாறி வீதியோரத்தில் விழுந்தாள். முழங்காலில் உராய்வுக் காயத்தோடு தப்பினாள் என்றாலும், பஸ்களும் டிப்பர்களும் ஒன்றையொன்று முந்திக்கொண்டு ஓடும் அந்த வீதியில் அவள் வலப்பக்கம் சரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே எனக்குத் துணிவில்லை. நான் இதை எழுதுவது 9,500 ரூபாய்க்காக மட்டுமல்ல.

கடைக்குப் போய்க் கேட்டேன். அங்கிருந்தவர் சைக்கிளைத் திரும்பியும் பார்க்காமல், "அண்ணா, புதுச் செயின் எண்டால் கொஞ்ச நாளைக்கு வழுக்கத்தான் செய்யும், ஓட ஓடச் சரியாயிடும்" என்றார். இந்தப் பதிலை எல்லோரும் கவனித்து வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் இதில் பாதி உண்மை இருப்பதால்தான் பலர் இதை நம்பித் திரும்பி வந்துவிடுகிறார்கள். பழைய செயின் நீண்டுபோகும்போது அதோடு சேர்ந்து பிறீவீலின், அதாவது பின்சில்லிலுள்ள பற்சக்கரத்தின், பற்களும் தேய்கின்றன. அப்படித் தேய்ந்த பற்களின் மேல் புதுச் செயினைப் போட்டால் அது சரியாக உட்காராமல் வழுக்கும் என்பது மெய்தான். ஆனால் அது ஓட ஓடச் சரியாகிவிடும் என்று நம்பி வீதியில் இறங்கக்கூடாது. பிறீவீலையும் மாற்ற வேண்டும் என்பதுதான் அதற்குரிய பதில். நேர்மையான திருத்துநர் அதைப் பணம் வாங்கும் முன்பே சொல்லிவிடுவார். எங்கள் விடயத்தில் நிலைமை அதைவிட மோசம், ஏனென்றால் புதுச் செயின் என்று ஒன்று அங்கே இருக்கவேயில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்து, துணியில் மண்ணெண்ணெய் நனைத்துச் செயினைக் கண்ணி கண்ணியாகத் துடைத்தேன். கிறீஸ் கரைந்து வர வர, கண்ணிகளின் ஓரங்களில் துருப்பிடித்த பழுப்பு நிறம் தெரிந்தது. இன்னும் கொஞ்சம் துடைத்ததும், பொன்னிறமான ஓர் இணைப்புக் கண்ணி வெளியே வந்தது. சில காலத்துக்கு முன் செயின் அறுந்தபோது, கையிலிருந்த வேறொரு செயினின் லொக்கைப் போட்டு என் மைத்துனர்தான் அதை இணைத்துத் தந்தார். மற்றக் கண்ணிகளெல்லாம் சாம்பல் நிறமாக இருக்க, அது ஒன்று மட்டும் பொன்னிறம். ஒரு பக்கத்தில் அவருடைய குறடு பட்ட கீறலும் இருக்கிறது. அந்தக் கீறல் அப்படியே இருந்தது. கழற்றிய செயினை மண்ணெண்ணெயில் கழுவி, கிறீஸ் பூசி, அதையே திரும்பப் போட்டுப் புதிய செயினுக்குரிய விலையை வாங்கியிருக்கிறார்கள்.

அதன்பிறகு பேரிங்கிலும் சந்தேகம் வந்தது. அலஸ்தோட்டத்தில் நீண்ட காலமாகச் சைக்கிள் திருத்திவரும் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். அவர் பின் ஹப்பை என் கண்முன்னே கழற்றினார். இத்தகைய சைக்கிள்களின் பின் ஹப்பில் வழக்கமாக ஒரு பக்கத்துக்குக் கால் அங்குலக் குண்டுகள் ஒன்பது இருக்கும். எங்கள் சைக்கிளில் ஒரு பக்கம் ஏழுதான் இருந்தன. அவையும் மங்கிப் புள்ளி விழுந்தவை. சுற்றியிருந்த கிறீஸ் மணலோடு குழைந்து பழுப்பாக இருந்தது. பெரியவர் புதுக் குண்டு ஒன்றை எடுத்து அவற்றின் பக்கத்தில் வைத்துக் காட்டினார். புதுக் குண்டில் ஜன்னல் வெளிச்சம் தெளிவாகத் தெரிந்தது, மற்றவற்றில் எதுவும் தெரியவில்லை. இந்த ஹப்பை எவரும் திறந்து பார்க்கவே இல்லை என்பது அவர் முடிவு. பிரேக் கட்டைகளை மட்டும் உண்மையாகவே மாற்றியிருந்தார்கள் என்பதையும் நியாயத்துக்காகச் சொல்லிவிடுகிறேன்.

உட்துறைமுக வீதியில் காலையில் சைக்கிள் ஓடுபவர்கள் தேநீருக்கு நிற்கும்போது வழக்கமாக ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வது, எந்த ரயர் நல்லது, எந்தக் கடையில் விலை குறைவு என்பதுதான். இந்தச் சம்பவத்தைச் சொன்ன பிறகு எல்லோரும் என்னிடம் கேட்பது, செயின் புதிதா பழையதா என்று கடையில் நின்றபடியே எப்படிக் கண்டுபிடிப்பது என்பதாகிவிட்டது. பிள்ளைகளின் புத்தகப் பையிலிருக்கும் அடிமட்டமே அதற்குப் போதும். செயினின் ஓர் ஆணியின் நடுவில் பூச்சியத்தை வைத்து, செயினை இழுத்துப் பிடித்து அளந்தால், புதுச் செயினில் 12 அங்குலக் கோடு சரியாக இன்னோர் ஆணியின் நடுவில் விழும். ஓர் ஆணிக்கும் அடுத்த ஆணிக்கும் இடையில் அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீற்றர், என்பது எல்லாச் சாதாரணச் சைக்கிள்களுக்கும் பொதுவான அளவு. அந்த ஆணி கோட்டைத் தாண்டி ஒன்றரை மில்லிமீற்றரளவு தள்ளி நின்றால் செயின் மாற்றவேண்டிய நிலைக்கு வந்துவிட்டது. மூன்று மில்லிமீற்றருக்கு மேல் தள்ளி நின்றால் பெரும்பாலும் பிறீவீலும் போய்விட்டது. எங்கள் 'புதுச் செயின்' மூன்று மில்லிமீற்றரையும் தாண்டி நின்றது.

கிறீசைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். புதுச் செயின் பெட்டியிலிருந்து வரும்போது மெல்லிய எண்ணெய்ப் பூச்சோடுதான் வரும், கறுப்புக் கிறீஸ் அப்பியிருக்காது. செயினுக்கு வெளியே தடிப்பாகக் கிறீஸ் பூசுவது எங்கள் ஊருக்கு எந்த வகையிலும் பொருந்தாது. காற்றோடு வரும் மணல் முழுவதும் அதில் ஒட்டி, அரம் போலச் செயினையும் பற்களையும் தின்றுவிடும். ஆகவே புதிது என்று சொல்லிக் கறுப்பாகப் பூசிய செயினைத் தந்தால், அங்கேயே ஒரு துணி கேட்டு வாங்கித் துடைத்துப் பாருங்கள். அதற்கு முகம் சுளிக்கும் கடையில் காசைக் கொடுக்க வேண்டாம்.

கொடுக்கும்போதே, கழற்றும் பழைய பாகங்களைப் பையில் போட்டுத் திருப்பித் தரவேண்டும் என்று கேளுங்கள். அவை நாம் காசு கொடுத்து வாங்கிய பொருட்கள், கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. சைக்கிளை விட்டுவிட்டு வருவதற்கு முன் செயின், கியர், இரண்டு சில்லுகள், பெடல்கள் ஆகியவற்றைக் கைத்தொலைபேசியில் கிட்டவாகப் படமெடுத்து வையுங்கள். நல்ல பாகத்தைக் கழற்றிவிட்டு மட்டமானதைப் போடும் வேலையும் நடப்பதால் இது இரண்டுக்கும் உதவும். பற்றுச்சீட்டில் 'சேர்விஸ்' என்று ஒரே சொல்லில் முடிக்கவிடாமல், ஒவ்வொரு பாகத்தையும் விலையோடு தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். செயின் என்று தனி வரி இருந்திராவிட்டால் எனக்கு இன்று முறையிடுவதற்கே ஆதாரம் இருந்திராது.

பொருள் வாங்குபவர் கேட்டால் வியாபாரி பற்றுச்சீட்டுக் கொடுத்தே ஆகவேண்டும் என்பது 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தில் உள்ளது. அதிகாரசபைக்குச் செய்யும் முறைப்பாடு எழுத்தில் இருக்கவேண்டும். பொருளை வாங்கிய அல்லது சேவையைப் பெற்ற நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் கொடுக்கவும் வேண்டும். பார்ப்போம் பார்ப்போம் என்று இழுத்துக்கொண்டிருந்தால் அந்த உரிமை கைநழுவிவிடும். விவரம் கேட்பதற்கு 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். பற்றுச்சீட்டின் பிரதி, துடைத்த செயினின் படங்கள், ஹப்பைத் திறந்தபோது எடுத்த படங்கள் ஆகியவற்றை இணைத்து நான் முறைப்பாட்டை அனுப்பிவிட்டேன்.

அது தெரிந்த பிறகு கடையிலிருந்து ஒருவர் வீட்டுக்கு வந்து, பாதிப் பணத்தைத் தருகிறோம், கடிதத்தைத் திருப்பி வாங்கிவிடுங்கள் என்று கேட்டார். நான் மறுத்துவிட்டேன். செயினுக்கும் பேரிங்குக்கும் வாங்கிய பணம் முழுவதையும் பற்றுச்சீட்டைத் திருத்தி எழுதித் திருப்பித் தரவேண்டும், அதே போல் ஏமாந்த மற்றவர்கள் வந்து கேட்டால் அவர்களுக்கும் தரவேண்டும் என்பதே என் கோரிக்கை. அண்மையில் நகரில் செயின் மாற்றியவர்கள் உங்கள் பற்றுச்சீட்டைத் தேடி எடுத்து, அடிமட்டத்தை வைத்து ஒருமுறை அளந்து பாருங்கள். அளவு பிழைத்தால் செயினைக் கழற்றி எறியாமல், படமெடுத்துப் பற்றுச்சீட்டோடு பத்திரமாக வைத்துவிட்டு எனக்கு அறிவியுங்கள். மூன்று மாதம் கடக்காத முறைப்பாடுகளை எழுதி அனுப்புவதற்கு என்னாலான உதவியைச் செய்கிறேன்.