நாடகம் படிக்க ஆசைப்படும் நெல்லைப் பெண்ணுக்கு எது நல்லது: மகளிர் கல்லூரியா, இருபாலர் கல்லூரியா, சென்னையா?

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் "எனக்கு நாடகம் படிக்கணும்" என்று சொல்லும் பெண்கள் அம்பை, கடையம், சங்கரன்கோவில் பக்கமெல்லாம் இருக்கிறார்கள். வீட்டில் முதலில் வேலை கிடைக்குமா என்று கேட்பார்கள், அடுத்து எந்த ஊர் என்பார்கள். நான் பாளையங்கோட்டையில் மகளிர் கல்லூரி விடுதியில் தங்கிப் படித்தவள். இப்போதும் மாணவிகளுக்கு நாடகம் பழக்கி வருகிறேன். அதை வைத்து ஒப்பிட்டுச் சொல்கிறேன்.

நாடகத்தையே முழுப் பாடமாகச் சொல்லித்தரும் பெரிய இடங்கள் பட்டம் வாங்கியவர்களைத்தான் எடுத்துக்கொள்கின்றன. 1959இல் தொடங்கிய டெல்லி தேசிய நாடகப் பள்ளியில் மூன்று ஆண்டுப் பயிற்சி. பட்டத்தோடு, ஏற்கெனவே நாடகங்களில் பங்கெடுத்த அனுபவமும் வேண்டும் என்பார்கள். புதுவைப் பல்கலைக்கழகத்தில் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் உள்ள நிகழ்கலைப் பள்ளியில் இருப்பதும் முதுநிலைப் படிப்புதான். ஆகவே பதினேழு வயதுப் பெண் இப்போது முடிவு செய்ய வேண்டியது, பட்டம் வாங்கும் மூன்று வருடத்தில் எங்கே இருந்தால் அதிகம் மேடை ஏறலாம் என்பதைத்தான்.

இருபாலர் கல்லூரியில் நாடகம் போட்டால் வேடம் பிரிக்கும்போதே கணக்கு தீர்ந்துவிடும். ராஜா, மந்திரி, வக்கீல், குடிகாரன், போலீஸ் எல்லாம் பையன்களுக்கு. அம்மா, காதலி, அழுகிற தங்கை பெண்களுக்கு. கதையில் பெண்களே இரண்டு பேர்தான் என்றால், ஆசையோடு வந்த பத்துப் பெண்களில் எட்டுப் பேர் குழு நடனத்துக்குப் போக வேண்டியதுதான். திரை கட்டுவது, ஒயர் இழுப்பது, விளக்கைத் திருப்பி வைப்பது எல்லாவற்றையும் பையன்களே ஓடி வந்து செய்துவிடுவார்கள். நல்ல மனதோடுதான் செய்கிறார்கள், ஆனால் பெண்கள் கையில் மேக்கப் பெட்டி மட்டும் மிஞ்சும்.

மகளிர் கல்லூரியில் இந்தப் பிரிவினையே கிடையாது. பேராசிரியர் சுந்தரம் பிள்ளை 1891இல் வெளியிட்ட 'மனோன்மணீயம்' நம் ஊர்ப் பல்கலைக்கழகத்துக்கே பெயர் தந்த நாடகம். அதில் நடிப்பவர் ஆசைப்பட வேண்டிய வேடம் குடிலன்தான். ராஜாவின் காதில் இனிக்க இனிக்கப் பேசிக்கொண்டே நாட்டைக் கவிழ்க்கப் பார்க்கும் மந்திரி அவன். வேறெங்கும் ஒரு பெண்ணுக்கு அந்த வேடம் கிடைப்பது அரிது. மகளிர் கல்லூரியில் ஒரு பெண்தான் அதைச் செய்தாக வேண்டும். செய்யும்போது குரலை எங்கிருந்து எடுப்பது, அதிகாரத்தில் உள்ளவன் எப்படி நிற்பான், பொய் சொல்பவன் கண்ணை எங்கே வைப்பான் என்று அவள் யோசித்தே ஆக வேண்டும். அம்மா வேடம் மட்டுமே கட்டி வந்த பெண்ணுக்கு இந்த யோசனை வர வாய்ப்பே இல்லை.

இதற்கு நம் மண்ணிலேயே பழைய சான்று உண்டு. சங்கரதாஸ் சுவாமிகள் 1867இல் தூத்துக்குடிக்கு அருகே காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். அன்றைக்கு அது திருநெல்வேலிச் சீமை. அவர் நடத்திய பாலர் நாடகக் குழுவில் ஸ்திரீபார்ட், அதாவது பெண் வேடம் கட்டியவர்களும் பையன்கள்தான். அவரிடம் சிறுவனாகச் சேர்ந்து வளர்ந்த டி.கே. சண்முகம், பின்னாளில் கிழவி வேடம் கட்டித்தான் அவ்வை சண்முகம் ஆனார். தன் வயதுக்கும் உடம்புக்கும் எட்டாத ஆளாக நின்று பழகுவதுதான் அந்தப் பயிற்சியின் உயிர். இன்றைக்கு ஒரு பெண்ணுக்கு அது கிடைக்கும் இடம் மகளிர் கல்லூரி மேடை.

குறையும் இருக்கிறது. ஆண் வேடம் என்றதும் மீசையைக் கண்மையால் வரைந்து, அப்பா வேட்டியை ஊக்கு குத்திக் கட்டி, தொண்டையைக் கனக்க வைத்தால் போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். பார்க்க வந்திருப்பவர்கள் எல்லாரும் தோழிகள், மீசையைக் கண்டதுமே கைதட்டல் கூரையைப் பிளக்கும். அந்தக் கைதட்டலை நம்பி நடிப்பைக் கெடுத்துக்கொண்டவர்கள் உண்டு. கதைத் தேர்விலும் எச்சரிக்கை அதிகம். காதல் காட்சி என்றால் கத்தரி விழும், வரதட்சணைக் கொடுமை என்றால் உடனே அனுமதி கிடைக்கும். பிறகு புதுவைக்கோ டெல்லிக்கோ போகும்போது ஆண் நடிகரோடு தோளுரச நின்று நடிக்கக் கூச்சம் வரும். அது சில வாரங்களில் பழகிவிடும். இருபாலர் கல்லூரியில் மூன்று வருடம் கிடைக்காமல் போன வேடங்களை அப்படிச் சில வாரங்களில் ஈடுகட்ட முடியாது. என் தராசு சாய்வது இதனால்தான்.

அப்புறம், வீட்டிலிருந்து போய்வருவதா, விடுதியா? கல்லூரி வாழ்க்கைக்குப் பழகுவதைத் தீர்மானிப்பது இதுதான் என்பேன். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 முதல் டிக்கெட் இல்லை என்பது பெரிய உதவி. ஆனால் ஒத்திகை சூடு பிடிப்பது சாயங்காலத்தில். நாலரை மணி பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போது என்று கவலைப்படும் பெண்ணின் மனம் வசனத்தில் நிற்காது. வேடம் பிரிக்கும்போதும் "அவ டே ஸ்காலர், இருக்க மாட்டா" என்று ஒதுக்கிவிடுவார்கள். விடுதிப் பெண்களுக்கு இரவுச் சாப்பாடு முடிந்த பிறகும் வராந்தா உண்டு. பெரிய ஒத்திகை எல்லாம் அங்கேதான் நடக்கும்.

விடுதியின் முதல் மாதம் கஷ்டம்தான். பெட்டியை வைக்க இடம் பத்தாது, மெஸ் சாம்பார் வாய்க்கு ஒத்துவராது, தமிழ் மீடியத்தில் படித்தவளுக்கு ஆங்கிலத்தில் நடக்கும் வகுப்பு பயமாக இருக்கும். நாடகக் குழுவில் சேர்ந்தவள் மற்றவர்களைவிடச் சீக்கிரம் தேறிவிடுவதை வருடா வருடம் பார்க்கிறேன். மூன்றாம் வருட அக்காவும் வேதியியல் துறைப் பெண்ணும் ஒரே காட்சியில் நிற்பதால், எல்லாத் துறையிலும் அவளுக்கு ஆள் கிடைத்துவிடுகிறது. வீட்டில் "சத்தமாப் பேசாதே" என்று கேட்டே வளர்ந்தவளை, "ஏட்டி, மொத வரிசைக்கே கேக்கலை, இன்னும் சத்தமாச் சொல்லு" என்று சொல்ல அங்கே ஒரு அக்கா இருக்கிறாள். மைக் இல்லாமல் கடைசி வரிசைக்குக் குரல் போன அன்றைக்கு, வகுப்பில் எழுந்து கேள்வி கேட்கவும் துணிச்சல் வந்துவிடும்.

விடுதிச் செலவு பாரம்தான். ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. நெல்லையில் உள்ள ராணி அண்ணா அரசு மகளிர் கல்லூரியில் படிப்புக் கட்டணமும் குறைவு. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தொடங்கிய பாளையங்கோட்டை சாராள் டக்கர் கல்லூரியும் மகளிர் கல்லூரிதான். எங்கே விண்ணப்பித்தாலும், விடுதியில் இடம் உண்டா, ஒத்திகைக்காக எத்தனை மணி வரை வெளியே இருக்க விடுவார்கள் என்று சேரும் முன்னரே கேளுங்கள். சில கல்லூரிகளில் வகுப்பு இரண்டு ஷிப்ட்டாக நடக்கும். குழுவில் பாதிப் பேர் காலை, பாதிப் பேர் மதியம் என்றால் ஒத்திகையே நடக்காது.

சென்னை மகளிர் கல்லூரிகளுக்கு ஒரு பெரிய பலம் உண்டு. அங்கே நாடகம் போடுவதோடு, பார்க்கவும் கிடைக்கும். ந. முத்துசாமி 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழு அங்கே, நாடக இயக்குநர் அ. மங்கை ஆங்கிலம் கற்பித்த ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியும் அங்கே. நல்ல நடிப்பை நேரில் பார்க்காமல் யாரும் தேற முடியாது என்பதால் இதை லேசாகச் சொல்ல மாட்டேன். ஆனாலும் பதினேழு வயதில் ஊர், விடுதி, பேச்சு, கூட்டம் எல்லாமே ஒரே நாளில் மாறினால், முதல் வருடம் முழுக்க அதைச் சமாளிப்பதிலேயே போய்விடுகிறது. நெல்லைப் பேச்சைக் கேட்டுச் சிரிக்கிறார்கள் என்று வாயை மூடிக்கொண்ட பிள்ளைகளை எனக்குத் தெரியும். சென்னையில் உறவினர் வீடோ, முன்பே போன அக்காவோ இருந்தால் தாராளமாகப் போகலாம். இல்லையென்றால் பட்டத்தை இங்கே முடித்துவிட்டுப் போவதே மேல்.

எந்தப் பாடம் என்பதற்கு நீளமான பதில் தேவையில்லை. தமிழோ ஆங்கிலமோ, இலக்கியம் எடுங்கள், நாடகப் பிரதியை வரிவரியாகப் படிக்க அது பழக்கும். விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) கேமராவுக்கு நல்லது.

பார்ப்பதற்கு இங்கே என்ன இருக்கிறது என்று கேட்டால், நம் கோயில் கொடைகளை, அதாவது ஊர்க் கோயில் திருவிழாக்களைச் சொல்வேன். விடுதியில் இருக்கும்போது இரவில் போக முடியாது. லீவில் ஊருக்குப் போகும்போது அம்மாவையோ சித்தியையோ துணைக்குக் கூட்டிக்கொண்டு, விடிய விடிய உட்காருங்கள். வில்லுப்பாட்டில் பெண்கள், வில்லைத் தட்டும் வீசுகோலைப் பிடித்துக் கதை நடத்துகிறார்கள். 2018இல் மறைந்த பூங்கனி அம்மாள் அப்படித்தான் பேர் வாங்கினார். கொடைகளில் நடக்கும் கணியான் கூத்தில், மகுடம் என்ற தோல் கருவியின் அடிக்குப் பெண் வேடம் கட்டி ஆடுபவர்கள் ஆண்கள். அவர்கள் பெண்ணின் நடையில் எதை எடுத்துக்கொள்கிறார்கள், எதை விட்டுவிடுகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த ஒத்திகையில் குடிலனாக நிற்கும்போது, ஆணின் நடையில் எதை எடுப்பது, எதை விடுவது என்பதைக் கண்மை மீசை இல்லாமலே முயன்று பாருங்கள்.