எம்ஜிபி கம்பிச் சக்கரத்துக்கு மரத்தில் ஒரு ஸ்பின்னர் சாவி

கம்பிச் சக்கரம் போட்ட எம்ஜிபியில் (பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) ஸ்பேர் டயர் மாட்ட நடுவிலுள்ள ஒரே ஸ்பின்னரை, அதாவது காது வைத்த பெரிய நட்டைக் கழற்றினால் போதும். அந்தக் காதில் அடித்துத் திருப்புவதற்கான செம்பு முகச் சுத்தியல் பல வண்டிகளில் எப்போதோ தொலைந்திருக்கும். சுத்தியல் கையில் இருந்தாலும் தொல்லைதான்: இருட்டில் குறி தவறினால் அடி ஸ்போக்கிலோ மட்கார்டிலோ விழும், காதின் குரோமும் நசுங்கும். அமெரிக்காவில் 1968 முதல் காதுள்ள ஸ்பின்னர் கூடாதென்று ஆனதால் வந்த எண்கோண நட்டுக்குத் தனிச் சாவியும் வேண்டும். இரண்டுக்குமே மரச்சாவி நன்றாக உழைக்கிறது.

18 மி.மீ. பிளைவுட் இரண்டு துண்டு, 15 செ.மீ. அகலம், 60 முதல் 75 செ.மீ. நீளம். நீளத்தை முடிவு செய்யுமுன் டிக்கியை அளந்துகொள்ளுங்கள். ஸ்பேர் டயர் படுத்திருப்பதால் மிச்ச இடம் குறைவு. தண்ணீர் தாங்கும் பசை தடவி, கிளாம்ப் போட்டு ஒரு நாள் விடவும். ஸ்பின்னரை அட்டையில் வைத்து வரைந்து, அந்த வடிவத்தைப் பலகையில் எடுத்து, கோட்டுக்கு உள்ளேயே ஜிக்சாவால் துளை வெட்டி, அரத்தால் ராவி ராவிப் பொருத்த வேண்டும். இடைவெளி 1 மி.மீ.க்கு மேல் போனால் சாவி சாய்ந்து நழுவும். துளையின் இருபுறமும் 4 செ.மீ. மரமாவது மிஞ்சாவிட்டால் அகலத்தைக் கூட்டுங்கள்.

ஒற்றைப் பலகையில் செய்வது வீண் வேலை. தேக்கானாலும் துளையின் மூலையிலிருந்து ரேகை வழியே பிளக்கும். பிளைவுட்டில் ரேகை குறுக்கும் நெடுக்குமாக ஓடுவதால் அது நடப்பதில்லை. நாளடைவில் மூலைகள் மட்டும் நசுங்கும். துளைக்குள் மெல்லிய தோல் ஒட்டினால் ஆட்டம் நிற்கும், குரோமும் தப்பும். தோல் தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம்.

திசைதான் பலரும் தடுமாறும் இடம். வண்டியின் இடப்பக்கம் வலது மரை, வலப்பக்கம் இடது மரை. வண்டி முன்னே போகும்போது சக்கரம் எந்தப் பக்கம் சுற்றுமோ, அந்தப் பக்கம் திருப்பினால் கழலும். ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரம் தரையில் இருக்கும்போதே சாவியைக் காலால் அழுத்தித் தளர்த்துங்கள். ஏறிக் குதிக்கக் கூடாது. பிறகு ஜாக்கி.

மாட்டும்போது ஸ்ப்லைனிலும் (சக்கரம் கோர்க்கும் ஹப்பின் பல்வரிகள்) மரையிலும் கிரீஸ் தடவ மறக்காதீர்கள். காய்ந்த ஸ்ப்லைன் தேய்ந்துவிட்டால் பிரேக் பிடிக்கும்போதும் கியர் போடும்போதும் 'டக்' என்று சத்தம் வரும். சக்கரம் தூக்கியிருக்கும்போதே பெரும்பாலும் இறுக்கிவிட வேண்டும்; அப்போதுதான் ஹப்பின் கூம்பில் நடுவாக உட்காரும். இறக்கிய பின் கையால் ஒரு கடைசி இழுப்பு. 50 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி இறுக்கிப் பாருங்கள், பெரும்பாலும் கொஞ்சம் திரும்பும்.

பல வருடத் துருவில் இறுகிய ஸ்பின்னரிடம் மட்டும் இது தோற்கும். முந்தின இரவே துரு நீக்கும் எண்ணெய் ஊற்றி வையுங்கள். அதற்கும் அசையாவிட்டால் செம்புச் சுத்தியல்தான்.