பிளகின் ஃபைல்: உள்ளத அப்படியே ஸ்பெக்கா எழுதுறதா, புதுசா ஒன்ன கொண்டு வர்றதா?

மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைக் குலை எடை சீட்ட கணக்கு பாக்க நாங்க பைத்தான்ல ஒரு புரோகிராம் வச்சிருக்கோம். ஒவ்வொரு எண்ணெய் மில்லும் சீட்ட ஒவ்வொரு மாதிரி குடுக்கும், அதனால மில்லுக்கு ஒரு பிளகின், அதாவது மெயின் புரோகிராமோட மாட்டுற சின்ன துணை புரோகிராம். புது மில்லு வந்தா அந்த பிளகின மட்டும் இன்ஸ்டால் பண்ணா போதும், மத்தத புரோகிராமே கண்டுபிடிச்சுக்கணும்.

பேர வச்சு தேடலாம், இன்ன எழுத்துல ஆரம்பிக்கிற மாட்யூல் (பைத்தான் கோடு ஃபைல்) எல்லாம் நம்ம பிளகின்னு எடுத்துக்கலாம். சின்ன வேலைக்கு ஓகே, ஆனா உள்ள என்ன இருக்குன்னு தெரிய எல்லாத்தையும் இம்போர்ட் பண்ணி, அதாவது லோட் பண்ணி ஓட்டிப் பாக்கணும். இதப் பத்தி இவ்ளோ போதும்.

உண்மையான போட்டி என்ட்ரி பாயிண்ட்ஸ் ஃபைல (எந்த பேக்கேஜ்ல எந்த பிளகின் இருக்குன்னு சொல்ற பட்டியல்) சுத்தித்தான்: அத அப்படியே ஸ்பெக்கா, அதாவது எல்லா டூலும் பின்பத்துற எழுத்து விதியா ஆக்குறதா, இல்ல புதுசா ஒன்ன கொண்டு வர்றதா. பேக்கேஜ் இன்ஸ்டால் ஆகும்போது டிஸ்ட்-இன்ஃபோங்கிற அதோட விவர ஃபோல்டர்ல இந்த டெக்ஸ்ட் ஃபைல் வந்து உக்காரும், ஐஎன்ஐங்கிற பழைய செட்டிங்ஸ் ஃபைல் மாதிரி இருக்கும், மேல குரூப் பேரு, கீழ ஒரு பேரு, சமக்குறி, அப்புறம் மாட்யூலும் ஃபங்ஷனும். டெஸ்ட் ஓட்டுற டூலான பைடெஸ்ட் தன்னோட பிளகின்கள 'பைடெஸ்ட்11'ங்கிற குரூப்ல தேடுறது இப்படித்தான். ஆனா இது பேக்கேஜ் கட்டுற டூலான செட்அப்டூல்ஸோட சொந்த விஷயமா ரொம்ப நாள் கிடந்துச்சு, ஃப்லிட் மாதிரி வேற டூல் அதே ஃபைல எழுதணும்னா செட்அப்டூல்ஸ் என்ன செய்யுதுன்னு பாத்துத்தான் எழுதணும். அப்படியே விடுறது சுலபந்தான், ஆனா அப்போ ஒரே டூல்தான் எல்லாருக்கும் எஜமான்.

எங்ககூட வேலை பாக்குற தம்பி, "அண்ணே, ஜேசன்ல வச்சா எந்த லாங்வேஜும் படிக்குமே, ஏன் இந்த பழைய ஐஎன்ஐ?"ன்னு கேட்டாரு. நியாயமான கேள்வி. பெப் 426, பெப் 459 (பெப்னா பைத்தானுக்கு எழுதுற முன்மொழிவு) ரெண்டும் அந்த ஆசையிலதான் வந்துச்சு, என்ட்ரி பாயிண்ட்ஸுக்கு பதிலா எக்ஸ்போர்ட்ஸ்னு ஜேசன்ல அழகா வகுத்து வச்சிருந்தாங்க, கடைசியில ரெண்டையும் வாபஸ் வாங்கிட்டாங்க. யாரு கம்ப்யூட்டர பாத்தாலும் பழைய ஃபைல்தான் கிடக்கு தம்பி, புதுச கொண்டு வந்தா படிக்கிறவன் பல வருஷம் ரெண்டையும் படிச்சுக்கிட்டே இருக்கணும், பிளகின் எழுதினவங்க எல்லாம் திரும்ப ரிலீஸ் பண்ணணும், அதுவரைக்கும் பாதி வேலை செய்யும் பாதி செய்யாது.

2017 அக்டோபர்ல, இருக்கிற ஃபைல அப்படியே பேக்கேஜிங் ஸ்பெக்கா எழுதி வச்சாங்க, என்னைக் கேட்டா இதுதான் சரியான முடிவு. யாரோட பேக்கேஜும் மாறல, ஆனா கதவு தொறந்துச்சு. 2019ல பைத்தான் 3.8ல இம்போர்ட்லிப் மெட்டாடேட்டா வந்து பைத்தானோட கூடவே வர்ற ஸ்டாண்டர்ட் லைப்ரரியே இந்த ஃபைல படிக்க ஆரம்பிச்சுது. பைத்தான் 3.12ல புதுசா போடுற வெனவ்ல (ஒரு புரோகிராமுக்குன்னு தனியா வைக்கிற பைத்தான் இடம்) செட்அப்டூல்ஸே தானா வராம போச்சு, அதோட வர்ற பழைய பிகேஜி ரிசோர்சஸ நம்பி பிளகின் தேடின புரோகிராமெல்லாம் செட்அப்டூல்ஸ தனியா போடலன்னா அங்க நின்னுடும், ஃபைல ஸ்பெக் படி நேரா படிக்கிறது எதுவும் ஆகாம ஓடும். பேக்கேஜ் விவரம் எழுதுற பைபுராஜெக்ட் டாம்ல் ஃபைல்ல என்ட்ரி பாயிண்ட்ஸ் எழுத பெப் 621 வழி குடுத்துச்சு பாருங்க, அதுகூட பில்ட் ஆகி இன்ஸ்டால் ஆகும்போது இதே டெக்ஸ்ட் ஃபைலாத்தான் மாறுது, அதாவது எழுதுறவங்களுக்கு புது முகம், படிக்கிறவங்களுக்கு பழைய ஃபைல்.

உள்ளத உள்ளபடி எழுதினா பழைய குறையும் கூடவே வரும், அதயும் சொல்லணும். பேருல பெரிய எழுத்து சின்ன எழுத்து வேற வேறன்னு ஸ்பெக் சொல்லுது, ஐஎன்ஐ படிக்கிற பைத்தானோட கான்ஃபிக்பார்சர் சும்மா விட்டா எல்லாத்தையும் சின்னதாக்கிடும், நீங்களே பார்சர் எழுதினா அத மாத்தி வைக்கணும். எக்ஸ்ட்ராஸ் (கூடுதலா வேணும்ங்கிற பேக்கேஜ் குறிப்பு) போடுற பழக்கத்தையும் இனிமே வேணாம்னுதான் சொல்றாங்க, ஆனா படிக்கிற டூல் அத தாங்கித்தான் ஆகணும்.

நம்ம ஊர்ல யாராவது பிளகின் வச்சு செய்யுறதா இருந்தா குரூப் பேர முதல்லயே சரியா வைங்க, பைத்தான் பேக்கேஜ் எல்லாம் கிடக்கிற பைபிஐ தளத்துல உங்க பேர்ல இருக்கிற புராஜெக்ட் பேரு, ஒரு புள்ளி, அப்புறம் உங்களுக்கு வேண்டியது. வெறும் 'மில்'னு வச்சா நாளைக்கு தைப்பிங்ல ஒருத்தரும் அதே பேர்ல வைப்பாரு, ரெண்டு பிளகினும் ஒரே குரூப்ல வந்து மோதும்.