ஒரு வருட ஒப்பந்தமா, இரண்டு வருடமா? சிங்கப்பூரில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு

ஈசூனில் இப்போது குடியிருக்கும் நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டை இரண்டு வருட ஒப்பந்தத்தில் எடுத்திருக்கிறோம். முந்தைய வீட்டுக்கு ஒரு வருடம்தான் போட்டிருந்தோம். இரண்டிலும் இருந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன்: பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் குடும்பமென்றால் இரண்டு வருடமே போடுங்கள்.

ஒரு வருடத்தின் நல்ல பக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். டெபாசிட் வழக்கமாக ஒரு மாத வாடகை. இரண்டு வருடத்துக்கு இரண்டு மாதம் கேட்பார்கள். வேலை நிலையில்லை என்றால் ஒரு வருடம் வசதி. வாடகை இறங்கும்போது சீக்கிரமே பேரம் பேசவும் முடியும். 2024-இல் தனியார் வீட்டு வாடகை சற்றுக் குறைந்தபோது அப்படிப் பேசிக் குறைத்தவர்களும் உண்டு.

ஆனால் நான் பார்த்தவரை, வாடகையை ஒழுங்காகக் கட்டுபவர்களுக்கு வீட்டைக் காலி செய்யும் நிலை வருவது ஒப்பந்தம் முடியும் நாளில்தான். "புதுப்பிக்கவில்லை" என்று வீட்டுக்காரர் சொன்னால் போதும், காரணம் சொல்லவேண்டியதில்லை. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை 2001-இலேயே நீக்கிவிட்டார்கள். எவ்வளவு ஏற்றலாம் என்பதற்கு உச்சவரம்பும் இல்லை. தேதி தாண்டியும் இருந்தால் இரட்டிப்பு வாடகை கேட்கக் குடிமைச் சட்டம் அவருக்கு இடம் கொடுக்கிறது. நமக்கு இருக்கும் பெரிய பாதுகாப்பே அந்த முடிவுத் தேதிதான். அது எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவுக்கு நிம்மதி.

எங்கள் ஒரு வருடம் 2022 கடைசியில் முடிந்தது. நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் கணக்குப்படி அந்த ஆண்டில் மட்டும் தனியார் வீட்டு வாடகை ஏறக்குறைய 30 விழுக்காடு ஏறியது. வீவக வீடுகளும் கூடவே ஏறின. வீட்டுக்காரர் வாட்ஸ்அப்பில் புதுத் தொகையை அனுப்பி, "வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள்" என்று மட்டும் எழுதியிருந்தார். அதே புளோக்கில் இரண்டு வருடம் போட்டிருந்த குடும்பம் பழைய வாடகையிலேயே 2023-ஐயும் ஓட்டிவிட்டது.

அப்படியானால் மூன்று வருடம் போடலாமே என்பீர்கள். வீவக வீட்டில் சிங்கப்பூரர்களும் மலேசியர்களும்தான் அவ்வளவு காலத்துக்கு எடுக்கலாம். மற்றவர்களுக்கு இரண்டு வருடமே எல்லை. இன்னொன்று: சிறு கோரிக்கை நடுவர் மன்றம் இரண்டு வருடத்துக்கு மேற்படாத குடியிருப்பு ஒப்பந்தங்களை மட்டுமே விசாரிக்கும். டெபாசிட்டைத் திருப்பித் தராமல் இழுத்தடித்தால் நம்மைப் போன்றவர்கள் போகக்கூடிய இடம் அதுதான். 20,000 வெள்ளி வரை, இருதரப்பும் சம்மதித்தால் 30,000 வரை கோரலாம். வழக்கறிஞர் வைக்க அனுமதியில்லை, கட்டணமும் 10 வெள்ளியில் தொடங்குகிறது. ஆனால் அது பண விவகாரத்தைத்தான் தீர்க்கும். பூட்டை மாற்றிவிடுவேன் என்று யாராவது மிரட்டினால், இலவசச் சட்ட ஆலோசனை முகாம் ஒன்றுக்கு அன்றைக்கே பதிவு செய்துகொள்ளுங்கள்.

இரண்டு வருடம் என்று போட்டிருந்தாலும் ஒரு வரியைத் தேடிப் படியுங்கள்: "வீட்டை விற்றால் வீட்டுக்காரர் முன்னறிவிப்பு கொடுத்து ஒப்பந்தத்தை முடிக்கலாம்." இது இருந்தால் அந்த இரண்டு வருடம் தாளில் மட்டும்தான். எங்கள் ஒப்பந்தத்திலும் இருந்தது. பேசி, பேனாவால் அடித்து, பக்கத்தில் இருவரும் சுருக்கொப்பம் வைத்தோம். வெளிநாட்டு வேலை அனுமதியில் இருப்பவர்கள், வேலை போனால் வெளியேற வழிசெய்யும் விதியையும் (டிப்ளமேட்டிக் கிளாஸ், diplomatic clause) கேட்டு வாங்குங்கள். வழக்கமாக 12 மாதம் கழித்து, இரண்டு மாத முன்னறிவிப்பு என்று இருக்கும். அறை வாடகையில் நான் இருந்ததில்லை. இங்கே சொல்வதெல்லாம் முழு வீட்டுக்குத்தான்.

கையெழுத்தான 14 நாளுக்குள் முத்திரைத் தீர்வை, அதாவது ஒப்பந்தத்துக்காக அரசுக்குக் கட்டும் வரியை, கட்டிவிடுங்கள். மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு: மாதம் 3,000 வெள்ளி என்றால் இரண்டு வருடத்துக்கு 288 வெள்ளி. முத்திரை இல்லாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்காது. முகவர் கட்டிவிட்டேன் என்று சொன்னாலும் சான்றிதழை உங்கள் கைக்கு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.