பள்ளிக்கூடத்துச் சேதி வீடு வந்து சேர்ந்த விதம்: ஓர் அம்மாவின் ஐந்து வருட அனுபவம்

முதல் வருடம் என் மகளின் பள்ளிச் சேதியெல்லாம் நாக்பூருக்குப் போய்க்கொண்டிருந்தது. சேர்க்கைப் படிவத்தில் அவள் அப்பாவின் போன் நம்பரைத்தான் எழுதியிருந்தோம். அவருக்கு ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் வேலை. திருச்செங்கோட்டுப் பக்கத்து ஆட்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை, போர் போடக் கிளம்பினால் மகாராஷ்டிரம், மத்தியப் பிரதேசம் என்று மாதக்கணக்கில் வீடு திரும்ப மாட்டார்கள். "நாளை ஐந்து வகை இலை கொண்டு வரவும்" என்று டீச்சர் அனுப்பியதை இரவு பதினொரு மணிக்குப் பார்த்துவிட்டு எனக்குக் கூப்பிடுவார். அந்நேரத்துக்கு நான் எந்த வேலியில் போய் இலை பறிப்பது?

2021 நவம்பர் 1-ஆம் தேதி, கொரோனாவுக்குப் பிறகு பள்ளி திறந்தபோது அவள் ஒன்றாம் வகுப்பு. இப்போது ஐந்தாம் வகுப்பை முடிக்கப் போகிறாள். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி, இரண்டே டீச்சர். பள்ளிக்கும் வீட்டுக்கும் நடுவே சேதி போக என்னென்ன வழி உண்டோ எல்லாவற்றையும் இந்த ஐந்து வருடத்தில் பயன்படுத்திப் பார்த்துவிட்டேன்.

எல்லோரும் முதலில் கேட்பது வாட்ஸ்ஆப் குழுவைப் பற்றித்தான். எங்கள் குழு ஆரம்பித்த ஒரு மாதத்தில் குட் மார்னிங் ரோஜாப்பூக்களால் நிறைந்துவிட்டது. அப்புறம் உள்ளூர் அரசியல், அதன் பிறகு ஒருவர் வீட்டு மனை விளம்பரம். டீச்சர் வெறுத்துப்போய், அட்மின் மட்டும் எழுதும்படி பூட்டிவிட்டார். குழு சுத்தமானது. கூடவே செத்தும் போனது. காய்ச்சலாக இருக்கிறாள், வரமாட்டாள் என்று சொல்லக்கூட டீச்சரைத் தனியாகக் கூப்பிட வேண்டும். இரவு ஒன்பது மணிக்கும் அவருக்கு அழைப்பு போகும், பாவம். அரசுப் பள்ளி டீச்சர்தானே என்று நேரம் காலம் பார்க்காமல் கூப்பிடும் நம் ஆட்களிடமும் தப்பு இருக்கிறது.

அந்தக் குழுவைப் பிழைக்க வைத்தது குரல் பதிவு. மூன்றாம் வகுப்பில் வந்த டீச்சர் எழுதுவதை விட்டுவிட்டுப் பேச ஆரம்பித்தார். சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரு நிமிடம், அவ்வளவுதான். "இன்னைக்கு ஏழாம் வாய்ப்பாடு சொன்னோம். பொண்ணுங்க பசங்க எல்லாரும் ஒரு தடவ வீட்டுல சொல்லட்டும், நீங்க கேட்டாப் போதும்." என் மாமியாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் தையல் மிஷினில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் அவர்தான் போனைக் காதில் வைத்துக்கொண்டு, "ஏழெட்டு எத்தன கண்ணு?" என்று கேட்பார். விடை சரியா தப்பா என்று அவருக்குத் தெரியாது. பேத்தி திணறுகிறாளா இல்லையா என்பது மட்டும் தெரியும். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

குழுவில் ஒரே ஒரு விஷயம் எனக்குப் பிடிக்கவில்லை, பிள்ளைகளின் போட்டோ. ஆண்டு விழாப் படத்தை யார் யாரோ ஸ்டேட்டஸில் வைத்தார்கள். ஓர் அம்மா ஆட்சேபித்த பிறகுதான் நிறுத்தினார்கள். முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்.

அடுத்தது, 'எண்ணும் எழுத்தும்' என்ற அரசுத் திட்டம். 2022 ஜூனில் வந்தது, அப்போது அவள் இரண்டாம் வகுப்பு. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகப் பிரித்துச் சொல்லித் தருவார்கள். திட்டம் நல்லதுதான். ஆனால் வீட்டில் இருக்கும் எங்களுக்கு யாரும் விளக்கவில்லை. தமிழ்ப் பாடத்தில் இவள் மொட்டு என்றதும் நான் அதை ரேங்க் என்று நினைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுப் பையன் மலர் என்பதால் இவளை இரண்டு நாள் திட்டித் தீர்த்தேன். படிப்பில் பிள்ளை எங்கே நிற்கிறது என்பதைக் காட்டும் அடையாளம் அது, பரிசு இல்லை என்று நேரில் போனபோதுதான் டீச்சர் சொன்னார். இதையும் ஒரு நிமிடக் குரல் பதிவில் சொல்லியிருக்கலாம்.

பள்ளி மேலாண்மைக் குழுவிலும் ஒரு சுற்று இருந்தேன். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி உறுப்பினர்களில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். 2022-ல் மாநிலம் முழுக்கக் குழுக்களைப் புதிதாக அமைத்தபோது 20 பேரில் 15 பேர் பெற்றோர், தலைவரும் ஓர் அம்மா. கேட்கப் பெருமைதான். அப்போது கூட்டம் மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு நடந்தது. நூறு நாள் வேலைக்கும் தறிக்கும் போகிற பெண்கள் அந்நேரம் எப்படி வருவார்கள்? முதல் இரண்டு கூட்டத்தில் தீர்மானத்தை வாசிப்பார்கள், கையெழுத்துப் போடுவோம், டீ குடிப்போம். கழிப்பறைத் தண்ணீர் மோட்டார் எரிந்துபோனதைத் தீர்மானமாக எழுதி கல்வித் துறையின் செயலியில் ஏற்றினோம். ஏற்றியது எங்கே போய் நிற்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. நாலு மாதம் கழித்து அம்மாக்கள் ஆறு பேர் அலுவலகத்துக்கே நேரில் போய் நின்றோம். அடுத்த வாரம் மோட்டார் வந்தது. அந்தத் தீர்மான நகல் கையில் இல்லாமல் போயிருந்தால் எங்களை உட்காரக்கூடச் சொல்லியிருக்க மாட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

இதையெல்லாம் தாண்டி நன்றாக வேலை செய்த வழி ஒன்று உண்டு. அதை யாரும் தகவல் தொடர்பு என்று பெயர் வைத்துக் கொண்டுவரவில்லை. காலைச் சாப்பாடு. 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்ட் 25-லிருந்து எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. எங்கள் பள்ளியில் சமைப்பவர் சுய உதவிக் குழு அக்கா ஒருவர், அவர் பிள்ளையும் அங்கேதான் படிக்கிறான். விடியற்காலையில் போய் அடுப்பு பற்ற வைக்கிறவருக்குத் தெரியாத பள்ளிச் சங்கதி ஏது? எந்தப் பிள்ளை இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, யாருக்குச் செருப்பு அறுந்துவிட்டது, யார் யாரோடு சண்டை, எல்லாம் அவரிடம் இருக்கும். "உம் புள்ள புதன்கெழம பொங்கல அப்புடியே வச்சுட்டா, என்னனு கேளு அம்மிணி" என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். கேட்டேன். கடைவாய்ப் பல்லில் சொத்தை, வலிக்கிறது என்று எங்களிடம் சொல்லப் பயந்திருக்கிறாள். எந்த செயலியிலும் இது வந்திருக்காது.

2024-ல் நடந்ததைச் சொன்னால் இப்போதும் வீட்டில் சிரிப்பார்கள். பெற்றோரின் போன் நம்பரை ஓடிபி வைத்துச் சரிபார்க்க வேண்டும் என்று டீச்சருக்கு உத்தரவு. பதிவேட்டில் இன்னும் அப்பாவின் நம்பர்தான், ஓடிபி அவருக்குப் போயிற்று. டீச்சர் கூப்பிட்டுக் கேட்டதற்கு, "ஓடிபி யாருக்கும் சொல்லக் கூடாதுங்க" என்று போனை வைத்துவிட்டார். பேங்க்காரர்கள் அப்படித்தானே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்! மூன்றாவது முறை நான் கான்பரன்ஸில் வந்து, "அது நம்ம டீச்சர்தானுங்க, சொல்லுங்க" என்ற பிறகுதான் ஆறு எண்ணும் வெளியே வந்தன.

வரும் ஜூனில் சின்னவன் ஒன்றாம் வகுப்பு. போன வாரம் படிவம் வாங்கி வந்தேன். நம்பர் எழுதும் கட்டத்தில் என் நம்பரை எழுதிவிட்டு, பக்கத்தில் மாமியாரின் பட்டன் போன் நம்பரையும் எழுதினேன். "அவங்களுக்கு வாட்ஸ்ஆப் இல்லையேங்க" என்றார் டீச்சர். கூப்பிட்டால் எடுப்பார் என்றேன்.