திருவாரூர் மாடியில் ஆறு கோடையாகத் தொட்டிச் செடிகள்

எங்கள் வீட்டு மொட்டைமாடியில் தொட்டிச் செடி வைக்க ஆரம்பித்து இந்த வைகாசியோடு 6 கோடை முடிந்துவிட்டது. குரோட்டன்ஸ், அக்லோனிமா, கலேடியம், ஆந்தூரியம், இட்லிப்பூ, காகிதப்பூ, அடீனியம் என்று இப்போது 40 தொட்டிக்குப் பக்கம் இருக்கிறது. முதல் கோடையில் மட்டும் 11 செடிகள் செத்தன. அவற்றைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிறகு நான் செய்தது எல்லாம் அவற்றிலிருந்து வந்தது.

அந்தப் பதினொன்றும் கைப்பிடிச் சுவரோரம் கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டியில் இருந்தவை. தலைக்கு மேல் பச்சை நிழல்வலை கட்டியிருந்தேன். இலை எதுவும் கருகவில்லை. ஆனால் அக்னி நட்சத்திரம் தொடங்கிய வாரத்திலேயே தொங்கிப்போய், தண்ணீர் ஊற்ற ஊற்ற இன்னும் வாடின. ஒரு குரோட்டன்ஸைத் தொட்டியிலிருந்து கவிழ்த்துப் பார்த்தேன். சுவர்ப் பக்கம் இருந்த வேர் வெள்ளையாக நன்றாக இருந்தது. வெயில் பார்த்த பக்கத்து வேர் பழுப்பாகிக் கையோடு வந்தது. பிற்பகல் 3 மணி வெயில் சாய்வாக வந்து தொட்டியின் வயிற்றில் அடிக்கிறது. மேலே கட்டிய வலையால் அதற்கு ஒரு உபயோகமும் இல்லை. தொட்டியைத் தொட்டுப் பார்த்தால் கை வைக்க முடியாத சூடு.

வெப்பமண்டலச் செடிதானே, நம் ஊர் வெயிலைத் தாங்கிவிடும் என்று நினைத்துத்தான் நிறையப் பேர் வாங்குகிறோம். அக்லோனிமா தென்கிழக்கு ஆசியக் காடுகளில் பெரிய மரங்களின் அடியில் வளர்வது. ஆந்தூரியம் கொலம்பியா, ஈக்வடார் பக்கத்து ஈரக்காடுகளைச் சேர்ந்தது. வெப்ப நாட்டுச் செடிகள்தான், ஆனால் அவற்றின் வேர் இருப்பது சருகு மூடிய குளிர்ந்த மண்ணில். அதை மொட்டைமாடித் தட்டோட்டின் மேல் கொண்டுவந்து வைத்தால் என்ன ஆகும்!

அதனால் இரண்டாம் கோடையிலிருந்து நான் முதலில் பார்ப்பது தொட்டியைத்தான். மண்தொட்டிதான் எனக்கு முதலிடம். சுவர் வழியாக ஈரம் கசிந்து ஆவியாவதால் உள்ளே குளிர்ச்சியாக இருக்கிறது, வீட்டு மண்பானை மாதிரி. அதற்கு விலையாக மே மாதத்தில் காலை, மாலை இரண்டு வேளையும் தண்ணீர் கேட்கும். சிமெண்ட் தொட்டி பார்க்க உறுதியாக இருக்கும், ஆனால் பகலில் வாங்கிய சூட்டை இரவு வரை விடாது. புதுச் சிமெண்டின் சுண்ணாம்பு மண்ணில் இறங்குவதால் இட்லிப்பூ இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. இட்லிப்பூவுக்குக் கொஞ்சம் புளிப்பான மண் வேண்டும். இல்லையென்றால் மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் அதை எடுக்க முடியாது. அதே செடியை மண்தொட்டிக்கு மாற்றி, மட்கிய எருவும் தேங்காய் நார்க் கழிவும் கூட்டிப் போட்ட பிறகு 2 மாதத்தில் புதுத் தளிர் பச்சையாக வந்தது. வெளியே வெள்ளையாக இருக்கும் வளர்ப்புப் பை பரவாயில்லை, சூடு ஏறுவது குறைவு. மூன்றாவது கோடையில் வெயில் தின்று ஓரம் பொடிந்துவிடுகிறது.

கைவசம் இருந்த பிளாஸ்டிக் தொட்டிகளைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. அவற்றைப் பெரிய மண்தொட்டிக்குள் இறக்கி, நடுவில் உள்ள இடைவெளியில் மணல் போட்டு, அந்த மணலை மட்டும் ஈரமாக வைத்திருக்கிறேன். இந்த 6 வருடத்தில் செய்ததிலேயே அதிகம் பலன் தந்தது இதுதான் என்பேன். ஆந்தூரியம் பிழைத்தது இதனால்தான்.

மண் விஷயத்தில் நமக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. வயலில் நம் காவிரி டெல்டாவின் வண்டல் களிமண் பொன். தொட்டியில் போட்டால் சித்திரையில் கல்லாக இறுகி, ஓரம் விட்டு விலகி, ஊற்றிய தண்ணீர் அந்த இடுக்கு வழியே அடியில் ஓடிவிடும். வாங்கிவரும் செடிகளிலும் இதே கதைதான். நான் வாங்கியவற்றில் பாதி ஆந்திராவின் கடியம் பக்கத்திலிருந்து லாரியில் வந்தவை. அதுவும் டெல்டாதான், கோதாவரி டெல்டா. வேரைச் சுற்றி இறுகிய களிமண் உருண்டையோடு வரும். அதை அப்படியே தொட்டியில் வைத்தால் சுற்றிலும் ஈரம் இருந்தும் உருண்டைக்குள் காய்ந்தே இருக்கும். நான் வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, பாதி மண்ணையாவது மெதுவாகக் கரைத்துவிட்டுத்தான் நடுகிறேன். அதையும் தை, மாசியிலேயே முடித்துவிடுவேன். பங்குனிக்கு மேல் தொட்டி மாற்றினால் செடி தாங்குவதில்லை.

என் கலவை: வயல் மண் 1 பங்கு, தேங்காய் நார்க் கழிவு 1 பங்கு, மட்கிய மாட்டு எரு 1 பங்கு, கருக்கிய உமி அரைப் பங்கு. உமிக்கு நம் ஊரில் பஞ்சமே இல்லை. நார்க் கழிவு பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வருகிறது. அதில் இயல்பாகவே உப்பு இருக்கும், 3 தடவையாவது அலசிப் பிழிய வேண்டும். மேலே 2 அங்குலத்துக்கு வைக்கோல் மூடாக்கு. சிட்டுக்குருவி வந்து கூடு கட்ட அதை உருவிக்கொண்டு போகிறது, அதற்காகவே கொஞ்சம் கூடுதலாகப் போடுகிறேன்.

தண்ணீரில் நேரம்தான் முக்கியம். இரண்டாம் கோடையில் ஒரு நாள் மாலை 4 மணிக்கு மாடித் தண்ணீர்த் தொட்டியில் வெயிலில் சூடேறிக் கிடந்த தண்ணீரைக் குழாய் வழியே அப்படியே பாய்ச்சிவிட்டேன். கலேடியம் ஆறும் மறுநாள் வெந்த கீரை மாதிரிப் படுத்துவிட்டன. கிழங்கு பிழைத்து, மழைக்குப் பின் துளிர்த்தது. இப்போது காலை 6 மணிக்கு ஒரு வேளை. மாலைத் தண்ணீரை நிழலில் இருக்கும் ட்ரம்மில் காலையிலேயே பிடித்து வைத்துக்கொள்கிறேன்.

நாகப்பட்டினத்தில் இருக்கும் அக்காவுக்கு வேறு பிரச்சினை. அங்கே மதியமே கடல்காற்று வந்துவிடும், சூடு இங்கே அளவுக்கு இல்லை. ஆனால் போர் தண்ணீர் உப்பு. இலை நுனியும் ஓரமும் முதலில் கருகும், மண்தொட்டியின் வெளியே வெள்ளையாகப் பூக்கும். "உரம் பத்தலையோடா தம்பி?" என்று கேட்டு அவர் உரத்தைக் கூட்டக் கூட்ட மோசமானது, உரமும் உப்புதானே. இப்போது உரத்தை நிறுத்திவிட்டு, 15 நாளுக்கு ஒருமுறை கிடைக்கிற நல்ல தண்ணீரை அடித்துளை வழியே நன்றாக ஓடும்வரை ஊற்றுகிறார். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு அநேகமாக இல்லை. அவர் வீட்டு ஆந்தூரியத்துக்கு அதுதான்.

வெயிலில் பாதியை மறைக்கும் 50 சதவீத நிழல்வலை குரோட்டன்ஸுக்குப் போதும், இன்னும் இருட்டினால் நிறம் பச்சையாக மங்கும். அக்லோனிமா, ஆந்தூரியத்துக்கு 75. முதலில் 5 அடியில் கட்டினேன், உள்ளே அனல் தேங்கியது. இப்போது 8 அடி உயரத்தில், மேற்குப் பக்கம் தரை வரை தொங்கவிட்டிருக்கிறேன். காகிதப்பூவும் அடீனியமும் வலைக்கு வெளியே முழு வெயிலில்தான் நன்றாக இருக்கின்றன. காகிதப்பூவுக்கு மண் நன்றாகக் காய்ந்த பிறகே தண்ணீர் விடுகிறேன், ஏப்ரலில் இலையே தெரியாமல் பூக்கிறது.

வெயிலோடு இலைச் சாற்றை உறிஞ்சும் செம்பேனும் வரும். இலையின் அடியில் நுண்ணிய வலையும் மேலே ஊசி குத்தியது போன்ற புள்ளியும் தெரிந்தால் அதுதான். காலைத் தண்ணீரை இலையடியிலும் வேகமாகப் பீய்ச்சினாலே பாதி அடங்கும். மிச்சத்துக்கு வேப்பெண்ணெயும் கொஞ்சம் காதி சோப்பும் கலந்து சாயங்காலம் அடிக்கிறேன்.

ஆனி கடைசியில் வலையை அவிழ்த்துவிடுவேன். ஆடிக்காற்றில் ஒரு தடவை கம்போடு பிடுங்கி அடுத்த வீட்டு மாடியில் போட்டுவிட்டது. ஒரேயடியாக எடுக்காமல் முதல் வாரம் கிழக்குப் பாதி, அடுத்த வாரம் மேற்குப் பாதி. அதற்குள் அக்லோனிமா எல்லாம் மாடிப்படிக்குக் கீழே இறங்கியிருக்கும்.